பட்டறையில் முழுமை பெறும் வண்டியும் முழுச்சேத இழப்பீடும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சோமனூர் விசைத்தறிகளுக்குப் பாவும் ஊடை நூலும் கொண்டுவந்து இறக்கி, நெய்த காடாத் துணியை ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்திலேயே ஓடுவதில்லை. பக்கப் பலகையை உயர்த்தியிருப்பார்கள். பின் அச்சுக்குக் கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். பாவு பீம் உருளாமலிருக்கக் குறுக்குச் சட்டம் வைத்து வெல்டு செய்திருப்பார்கள். நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பேருந்துக்கும் பாடி கட்டுவது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. திருச்செங்கோட்டில் லாரி சேஸியின் மேல் துளையிடும் எந்திரம் ஏறி, அது ரிக் வண்டியாகிறது. கோவையிலோ, 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்படுவதற்கு முன்பே பந்தயக் கார்களை உருவாக்கிய பட்டறை மரபு உண்டு. இந்த வட்டாரத்தில் வண்டியை மாற்றியமைப்பது ஆடம்பரம் மட்டுமன்று. பிழைப்போடு பிணைந்த வேலை. ஆனால் அத்தகைய வண்டி விபத்தில் நொறுங்கி 'டோட்டல் லாஸ்' ஆகும் நாளில், காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. பட்டறையிலிருந்து வெளியே வந்த வண்டி அங்கே இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாற்றியமைக்கப்பட்ட வண்டியின் முழுச்சேத இழப்பீட்டில் மதிப்பு பற்றிய கேள்வியும் குற்றம் பற்றிய கேள்வியும் இன்று ஒன்றாகக் குழப்பப்படுகின்றன என்பதும், இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வண்டிக்காரருக்கும் நிறுவனத்துக்கும் நியாயமான தீர்வு இப்போதுள்ள சட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் மதிப்பு. இந்திய மோட்டார் காப்பீட்டின் அடித்தளம் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு. சொந்தச் சேதத்துக்கான கட்டண விகிதங்கள் 2007 ஜனவரியில் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டன. ஆனால் பாலிசியின் சொற்கட்டும் தேய்மான அட்டவணையும் பெரும்பாலும் அந்தத் தொகுப்பின் வழியிலேயே நடக்கின்றன. அதன்படி, வண்டியின் 'அறிவிக்கப்பட்ட மதிப்பு', அதாவது ஐ.டி.வி., தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து தொடங்குகிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் எனத் தேய்மானம் கழிக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்வதே மதிப்பு. பட்டியல் விலையில் அடங்காத பொருத்தல்களுக்குத் தனி இடம் உண்டு: மின், மின்னணுக் கருவிகளுக்கு 24ஆம் எண் மேலொப்பமும் (எண்டார்ஸ்மென்ட்), கேஸ் கிட்டுக்கு 25ஆம் எண் மேலொப்பமும் இருக்கின்றன, கட்டண அட்டவணை இவ்விரண்டுக்கும் அவற்றின் மதிப்பில் 4 சதவீதத்தைக் கூடுதல் பிரீமியமாக வைத்தது. மின்சாரம் சாராத பொருத்தல்களின் மதிப்பை வண்டி மதிப்போடு சேர்த்து எழுத விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடியே அத்தொகுப்பு தந்தது. ஆகவே, மாற்றியமைத்த வண்டி என்றாலே காப்பீட்டுக்கு அந்நியம் என்ற எண்ணத்துக்கு விதித்தொகுப்பில் ஆதாரம் இல்லை. அது அத்தகைய வண்டியை எதிர்பார்த்தது. அதற்கு விலையும் வைத்தது.

விலை வைத்த பிறகு அந்த விலை இரு தரப்பையும் கட்டும். முழுச்சேதத்தின்போது ஐ.டி.வி.யையே பாலிசிக் காலம் முழுவதற்குமான சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று விதித்தொகுப்பே சொல்கிறது. இதே நோக்கில் உச்ச நீதிமன்றமும் 2008இல் தர்மேந்திர கோயல் வழக்கில் பேசியது: ஒரு மதிப்பை ஏற்று அதற்குப் பிரீமியம் வாங்கிய நிறுவனம், வண்டி முழுதாக அழிந்த பின் அந்த மதிப்பிலிருந்து நழுவ முடியாது. இந்தத் தீர்ப்பை வண்டிக்காரர் தரப்பு விரும்பி மேற்கோள் காட்டும். ஆனால் அதன் மறுபக்கமும் அதே அளவு உண்மை. மதிப்பு இருவரையும் கட்டுமென்றால், எழுதிக் கொடுக்காத அலாய் வீலுக்கும் ஸ்பீக்கர் தொகுதிக்கும் உயர்த்திய பாடிக்கும் வண்டிக்காரர் பணம் கேட்க முடியாது. 'வண்டியும் அதன்மேல் இருக்கும் துணைப்பொருட்களும்' என்று பாலிசியின் முதல் பிரிவு பேசுவதைக் காட்டி எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்பவர்கள் உண்டு. அந்தச் சொற்கள் காப்பின் பரப்பைச் சொல்கின்றன. தொகையின் உச்சவரம்பை ஐ.டி.வி. சொல்கிறது. கட்டாத பிரீமியத்துக்கு இழப்பீடு கேட்பது, ஒழுங்காகக் கட்டிய மற்ற வண்டிக்காரர்களின் பணத்தைக் கேட்பதாகும். இதில் வண்டிக்காரருக்குச் சாதகமாக நெளிந்து கொடுக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த உச்சவரம்பு நியாயம் முழுச்சேதமா இல்லையா என்ற முதல் தீர்மானத்திலேயே வேலை செய்ய வேண்டும். மீட்பதற்கும் பழுதுபார்ப்பதற்குமான மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச்சேதமாகக் கருதப்படும். 6 லட்சம் ரூபாய்ப் பட்டியல் விலையுள்ள சரக்கு வண்டி ஒன்று மூன்றாம் ஆண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி. 4,20,000, அதில் முக்கால் பங்கு 3,15,000. கம்பெனிப் பாகங்களுக்கு மட்டும் பட்டறை மதிப்பீடு 2,90,000 என்றால் அது பகுதிச் சேதம்: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பவும் தேய்மானம் கழித்து மீதியையே நிறுவனம் தரும். உயர்த்திய பாடியையும் கூடுதல் பட்டையையும் திரும்பப் பொருத்த 35,000 ஆகும் என்று மதிப்பீட்டில் சேர்த்தால் 3,25,000. உடனே அது முழுச்சேதமாகிவிடுகிறது. எழுதிக் கொடுக்காத பொருத்தல் மதிப்பில் இல்லை என்று சொல்லிவிட்டு, பழுதுச் செலவில் மட்டும் அதைச் சேர்ப்பதோ, வசதிக்கேற்பச் சேர்ப்பதும் விடுவதுமாக இருப்பதோ முறையாகாது. அந்த 35,000ஐ முன்பே அறிவித்துப் பிரீமியம் கட்டியிருந்தால் மொத்த மதிப்பு 4,55,000 ஆகியிருக்கும். முக்கால் பங்கு 3,41,250 ஆகியிருக்கும். 3,25,000 அதைத் தொடவே தொடாது. வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் ஒரே வண்டி இருக்க வேண்டும் என்ற எளிய விதியை, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்கள் எழுத்தில் பின்பற்றினாலே பாதி வழக்குகளுக்கு வேலை இருக்காது என்பது என் துணிபு.

இனி வருவதுதான் போதிய கவனம் பெறாத இடம்: உடைந்த வண்டியின் மிச்சம். முழுச்சேதத் தொகையை முழுதாகக் கொடுத்தால் சிதைந்த வண்டி நிறுவனத்துக்குப் போகும். அல்லது அதன் ஏல விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து வண்டியை உரிமையாளரிடமே விட்டுவிடுவார்கள். மேற்சொன்ன வண்டியின் மிச்சத்துக்குப் பழைய வண்டி வாங்குபவர் ஒருவர் 1,20,000 கேட்கிறார் என்று கொள்வோம். அதில் 25,000 எழுதிக் கொடுக்காத பொருத்தல்களுக்காகவே வந்த விலை. உரிமையாளர் வண்டியை வைத்துக்கொண்டால், தன் சொந்தப் பணத்தில் வாங்கி எவரும் காப்பீடு தராத பொருளுக்காக 25,000 குறைவாகப் பெறுகிறார். கொடுத்துவிட்டாலோ, தான் ஒரு ரூபாய்கூட ஈடு தராத பொருளை நிறுவனம் விற்றுக் காசாக்குகிறது. இழந்ததை ஈடு செய்வது, அதற்கு மேல் எவரும் லாபம் பார்க்கக் கூடாது என்பது காப்பீட்டின் ஆதாரக் கொள்கை. அந்தக் கொள்கை வண்டிக்காரரைக் கட்டுவதைப் போலவே நிறுவனத்தையும் கட்டுகிறது. நம் கடல்வழிக் காப்பீட்டுச் சட்டம், 1963, முழுச்சேதத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு மிச்சத்தின்மேல் உரிமை தருகிறது. ஆனால் எந்தப் பொருளுக்குப் பணம் கொடுத்ததோ அந்தப் பொருளின் மிச்சத்தின்மேல்தான் தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதன் கொள்கை பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை. மதிப்பில் சேராத பொருத்தல்களை, வண்டியை மேலும் சிதைக்காமல் கழற்ற முடிந்தால் கழற்றி எடுத்துக்கொள்ள உரிமையாளருக்கு அனுமதி வேண்டும். கழற்ற முடியாதவற்றுக்கு ஏல விலையில் அவற்றின் பங்கைத் தனியே காட்டிக் கழிவிலிருந்து நீக்க வேண்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. சர்வேயரின் அறிக்கையில் இரண்டு பத்திகள் போதும்.

அடுத்தது குற்றம். இங்கேதான் வண்டிக்காரர்கள் பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள். மாற்றத்தின் மதிப்பை மறுப்பதோடு நில்லாமல், மாற்றம் இருந்ததையே காரணமாக்கி முழு இழப்பீட்டையும் மறுப்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் தேடப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை அழுத்தமாக உறுதி செய்தது. கேரள உயர் நீதிமன்ற அமர்வு தந்திருந்த தளர்வான விளக்கத்தை நீக்கியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று உரிமையாளருக்குத் தண்டனை வைத்தது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்கக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் 52ஆம் பிரிவை வைத்துத்தான். இவையெல்லாம் சரியான நோக்கம் கொண்டவை. முன்னால் கட்டிய கம்பி, பாதசாரியின் உயிரையும் காற்றுப்பையின் வேலையையும் கெடுக்கக் கூடியது. ஆனால் ஜெயச்சந்திரா தீர்ப்பு பதிவு பற்றியது, இழப்பீடு பற்றியதன்று. அதுவும் சிறு பொருத்தல்களை அமைப்பு மாற்றத்திலிருந்து பிரித்தே பார்க்கிறது. நாடாளுமன்றம் ஒரு தவறுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ போதும் என்று கருதியிருக்கும்போது, அதே தவறுக்கு 4,20,000 ரூபாயைத் தண்டனையாக விதிக்கும் அதிகாரம் தனியார் ஒப்பந்தம் ஒன்றின் வழியே நிறுவனத்துக்கு வந்துவிடக் கூடாது.

ஒப்பந்த மீறல் இழப்பீட்டை எப்போது பறிக்கும் என்பதில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரே திசையில் நடந்து வருகிறது. 1996இல் பி.வி. நாகராஜு வழக்கில், சரக்கு வண்டியில் அனுமதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள் என்பதற்காகச் சொந்தச் சேத இழப்பீட்டை மறுக்க முடியாது, அந்த ஆட்கள் இருந்ததால் விபத்து நடக்கவில்லை என்றது. 2008இல் நிதின் கண்டேல்வால் வழக்கில், சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு ஓட்டியது திருட்டுக்குக் காரணமன்று என்று சொல்லி 75 சதவீத இழப்பீட்டை உறுதி செய்தது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கிலும் முழு மறுப்பை ஏற்காமல் ஒரு பகுதி இழப்பீட்டைத் தரச் சொன்னது. 2016இல் லக்மி சந்த் வழக்கில், மீறல்தான் விபத்துக்குக் காரணம் என்பதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. இந்த வரிசையை மாற்றியமைத்த வண்டிக்குப் பொருத்தினால் விடை தெளிவு. பக்கப் பலகை உயர்த்திய வண்டி சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த லாரி மோதினால், பலகையின் உயரம் விபத்தில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. அதே வண்டி உயரத்தின் காரணமாகச் சுமை மேலேறி, வளைவில் கவிழ்ந்தால் பங்கு உண்டு. அதை அளந்து சொல்ல வேண்டியது சர்வேயரின் வேலை. வீட்டுச் சமையல் சிலிண்டரைக் காரில் மாட்டி ஓட்டும்போது தீப்பிடித்தால் விவாதத்துக்கே இடமில்லை. 2001ஆம் ஆண்டு எரிவாயு ஒழுங்குமுறை ஆணை தடுத்திருப்பதே அந்த ஆபத்தைத்தான்.

ஆயினும், 75 சதவீதம் என்ற தட்டையான அளவோடு நான் உடன்படவில்லை. அது நிறுவனங்களின் உள்வழிகாட்டுதல்களிலிருந்து வந்த அளவு. பனிமூட்ட விளக்கு மாட்டியவருக்கும் வண்டியின் உடலையே மாற்றியவருக்கும் ஒரே 25 சதவீத வெட்டு என்பது கணக்கு ஆகாது. அமலேந்து சாஹு தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட அதே வழிகாட்டுதலில், அனுமதிக்கப்பட்ட சுமைத்திறனைக் குறைத்து அறிவித்தவருக்கு மூன்றாண்டுப் பிரீமிய வித்தியாசம் அல்லது இழப்பீட்டில் 25 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் கழிக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. பிரீமிய வித்தியாசத்தை அளவுகோலாக்கும் சிந்தனை நம் நடைமுறைக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று. பிரிட்டன் இதை முழுமையாக எடுத்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டமும், வணிகக் காப்பீட்டுக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டமும், வேண்டுமென்றே மறைத்தவரைக் கவனக்குறைவாகச் சொல்லாமல் விட்டவரிடமிருந்து பிரிக்கின்றன. பின்னவர், சொல்லியிருந்தால் கூடுதல் பிரீமியம் மட்டும் வாங்கியிருப்போம் என்ற நிலையில், கட்டிய பிரீமியம் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு இழப்பீடு பெறுவார். நம் எடுத்துக்காட்டில் கட்டியது 18,000, கட்டியிருக்க வேண்டியது 20,000 என்றால் பத்தில் ஒன்பது பங்கு: 3,78,000 ரூபாய். தட்டையான வெட்டில் கிடைப்பது 3,15,000. முழு மறுப்பில் ஒன்றுமில்லை. 30,000 ரூபாய் மதிப்புள்ள அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட்டுக்கு 4 சதவீதம் என்றால் 1,200 ரூபாய்தான். அந்த 1,200ஐக் கட்டாததற்கு ஒரு குடும்பத்தின் தொழில் மூலதனமே போவது எந்த நீதிக்கும் ஒவ்வாது.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது இது: சொல்லாமல் விட்டாலும் ஒன்பது பங்கு கிடைக்கும் என்றால் எவர்தான் சொல்வார்? இந்த அச்சம் பாதி உண்மை. ஆனால் சொல்லாதவர் இரண்டு இழப்புகளைச் சுமக்கிறார்: பொருத்தலின் மதிப்பு முழுதாகப் போகிறது, அடிப்படைத் தொகையும் விகிதப்படி குறைகிறது. பிரீமியத்தில் அவர் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் 1,200, 2,000 என்ற அளவில்தான். கணக்கு அறிந்த எவரும் இதற்காகச் சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்லாமல் இருப்பவர் பெரும்பாலும் சொல்ல வேண்டும் என்று அறியாதவரே. இரண்டாவது வாதம் 2014இன் நரீந்தர் சிங் வழக்கும் அதையொட்டிய பின்வந்த தீர்ப்பும் தருவது: தற்காலிகப் பதிவு முடிந்தும் ஓடிய வண்டிக்கு இழப்பீடே இல்லை என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, பதிவுக்கு முரணாக மாற்றிய வண்டிக்கு மட்டும் ஏன்? அங்கே வண்டிக்குச் சாலையில் இருக்கவே உரிமை இல்லை. மாற்றியமைத்த வண்டிக்குப் பதிவு உயிரோடு இருக்கிறது, விவரத்தில்தான் முரண். எனினும் இந்த எல்லையை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: எஞ்சினையே வேறாக்கியதும், சரக்கு வண்டியை ஆள் ஏற்றும் வண்டியாக்கியதும் விவர முரணாக நின்றுவிடுவதில்லை. அங்கே நிறுவனம் காப்பீடு தந்த வண்டி இல்லாமலே போய்விட்டது. அத்தகையவற்றுக்கு இக்கட்டுரையின் விகித முறை பொருந்தாது.

மூன்றாவது வாதம் செலவு பற்றியது: ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வண்டியைப் பார்த்தால் பிரீமியம் ஏறும். இதற்கான விடை கொங்கு வட்டாரத்தின் ரிக் வண்டியில் இருக்கிறது. ரிக் வண்டியில் லாரியை விட அதன்மேல் ஏறிய எந்திரத்துக்கே மதிப்பு அதிகம். ஆகவே அதை எவரும் பார்க்காமல் காப்பீடு செய்வதில்லை. சிறப்புவகை வண்டி என்ற பிரிவும், வேலைக் கருவியாக இயங்கும்போது கவிழ்ந்தால் தனி ஏற்பில்லாமல் பொறுப்பில்லை என்ற 47ஆம் எண் மேலொப்பமும் அதற்கென்றே இருக்கின்றன. அங்கே சண்டை வந்தாலும், சண்டை எழுத்தில் உள்ள நிபந்தனையைப் பற்றியதாக இருக்கும். சோமனூரின் சிறு வண்டிக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் பாலிசி கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் புதுப்பிக்கப்படுகிறது. விண்ணப்பக் கட்டங்கள் ஆங்கிலத்தில். துணைப்பொருள் மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் முன்பே நிரப்பப்பட்டிருந்தால் அதை அவர் கவனிக்கவும் வழியில்லை. காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கக் கைப்பேசிப் படங்களைக் கேட்டு வாங்கும் நிறுவனங்கள், வழக்கமான புதுப்பிப்பிலும் நான்கு படங்கள் கேட்பதால் திவாலாகிவிடாது. ஆவணங்களை அரசமைப்புச் சட்டம் ஏற்ற மொழிகளில் தரலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002ஆம் ஆண்டுப் பாலிசிதாரர் நலன் விதிகளே இடம் கொடுத்திருந்தன. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று, வண்டி நொறுங்கிய பிறகு ஒருவரைக் குற்றவாளியாக்குவது மறைத்தலைத் தண்டிப்பதாகாது. விவரமாகக் கேட்டும் பொய் சொன்னவர் மீது கடுமையாக நடந்துகொள்ள நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு; கேட்டிராத நிறுவனத்துக்கு அந்த உரிமை வரக் கூடாது.

ஆகவே மாநில, மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் இத்தகைய வழக்குகளில் சர்வேயர் அறிக்கையை இறுதி வார்த்தையாகக் கொள்ளாமல், மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: மதிப்பில் சேர்ந்தவை எவை, விபத்துக்கு மாற்றம் எவ்வளவு காரணம், மிச்சத்தின் விலையில், மதிப்பில் சேராத பொருத்தல்களின் பங்கு எவ்வளவு. சர்வேயர் அறிக்கை புனித நூலன்று, அதிலிருந்து விலகலாம் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009இல் பிரதீப் குமார் வழக்கிலேயே எடுத்துவிட்டது. வண்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதிக்கப்பட்ட மாற்றம் எதுவானாலும், சட்டம் தரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுங்கள். பட்டறை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த புதுப்பிப்புக்கு முன் அந்த ரசீதின் நகலோடு நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, துணைப்பொருள் மதிப்பைப் பாலிசியில் ஏற்றும்படி எழுத்தில் கேளுங்கள். ஏற்ற மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.